கல்லடியில் இருக்கும் சாட்சியம்: ஜவ்வாது மலை ஓடைகளும் நீர்ப்பூச்சிகள் சொல்லும் ஆற்று வரலாறும்

வட தமிழகத்துச் சமவெளியிலிருந்து எழும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, இன்றைய திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய 3 மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையின் மேற்குப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் சற்றே மேலான உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகத்தால் பெயர் பெற்ற காவலூர் அமைந்திருக்கிறது. இம்மலையில் பிறக்கும் ஆறுகளில் பெரியது செய்யாறு. அது செங்கம் வழியாக இறங்கிக் கிழக்கே ஓடி, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மிருகண்டா நதியும் கமண்டல நாகநதியும் இம்மலைச் சரிவுகளிலிருந்தே கீழிறங்குகின்றன. மலைக்கு வடக்கே கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றிவரும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. இந்தியத் தோல் தொழிலின் வரலாற்றில் நீங்காத இடம் பெற்ற இவ்வூர்களின் கழிவால் அந்த ஆறும் அதன் நிலத்தடி நீரும் பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பக்கம் காட்டு ஓடைகளும் மறுபக்கம் கெட்டுப்போன பெருநதியும் ஒரே வடிநிலத்தில் அமைந்திருப்பதால், ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்பதை மனிதர் எவ்வாறு அறிந்துவந்தனர் என்ற வரலாற்றை எழுத இம்மலை பொருத்தமான களமாகிறது.

இந்நிலத்தின் நீரைப் பற்றிய இலக்கியப் பதிவு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த நன்னன் என்ற குறுநில மன்னனைப் பாடுவது. இன்றைய செங்கமே அந்தச் செங்கண்மா என்பர். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைக் காட்டும் அந்நூல், நன்னனின் நவிரமலையையும் சேயாற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தச் சேயாறுதான் இன்று செய்யாறு என வழங்குகிறது. பாறையில் ஊறுவதைச் சுனை என்றும், சரிவில் ஓடுவதை ஓடை என்றும், மழைக்குப் பெருகி வடிவதைக் காட்டாறு என்றும், ஆழ்ந்து தேங்குவதை மடு என்றும் தமிழ் பிரித்துப் பெயரிட்டது, நீரின் வேகம், ஆழம், நிலைப்பு ஆகியவற்றைக் கூர்ந்து கண்ட மக்களின் அறிவுக்குச் சான்று. இன்றைய நீரியலாரும் ஓர் ஓடையைப் பாய்வுப் பகுதி, தேக்கப் பகுதி என்று இவ்வாறே பிரிக்கின்றனர். ஏனெனில் ஒரே ஓடையில் பத்தடி தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் வாழும் உயிர்கள் வேறுவேறானவை.

மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. மலையின் நீர் காஞ்சியை நோக்கி இறங்குகிறது, மலையின் மக்களோ காஞ்சியிலிருந்து ஏறி வந்ததாகச் சொல்கிறார்கள். சாமையும் தேனும் புளியும் விளையும் இம்மலையின் வாழ்வு, ஓடைகளில் நீர் நிற்கும் மாதங்களைச் சார்ந்தே நடந்துவந்திருக்கிறது.

ஓடும் நீரில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டினால் அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குடியிருப்பே தெரியும். அங்கே காணப்படுபவை பெரும்பாலும் பூச்சிகளின் இளம்பருவங்கள். சிறகு முளைத்துக் காற்றில் பறக்கும் நாள்களைவிட நீரடியில் கழிக்கும் நாள்கள் இவற்றுக்கு மிக அதிகம். இவற்றில் 3 வகைகள் ஆற்று நலத்தின் அளவீட்டில் முதலிடம் பெறுகின்றன. முதலாவது மே ஈ. வயிற்றின் இரு பக்கங்களிலும் இலை போன்ற செவுள்களும், பின்புறத்தில் இரண்டோ மூன்றோ மெல்லிய வால் இழைகளும் கொண்ட இதன் இளம்பருவம், நீரில் பல வாரங்களோ மாதங்களோ வாழ்ந்துவிட்டு வெளியேறியபின், உணவே கொள்ளாமல், சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ பறந்து, முட்டையிட்டு மடிகிறது. இரண்டாவது கல் ஈ. கால்களின் அடியில் செவுள் இழைகளையும் இரண்டு வால்களையும் உடைய இது, குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரையே நாடும். மூன்றாவது காடிஸ் ஈ. இதன் புழு, வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையால் மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டித் தன் உடலைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. இவ்வகையில் சில குடும்பங்கள் கூட்டுக்குப் பதிலாகக் கற்களிடையே நுண்வலை பின்னி, ஓடும் நீர் கொண்டுவரும் உணவை வடிகட்டி உண்கின்றன.

தட்டானும் ஊசித்தட்டானும் இதே நீரில் பிறப்பவை. தட்டான்கள் தாழப் பறந்தால் மழை வரும் என்று தமிழ் உழவர் கணித்தது பலரும் அறிந்த செய்தி. பறக்கும் தட்டானைக் கொண்டு வானத்தை அறிந்தது அந்த மரபு. அதே தட்டானின் நீரடி இளம்பருவத்தைக் கொண்டு ஆற்றை அறிந்தது பின்னர் எழுந்த அறிவியல்.

ஒரு குடுவையில் எடுத்துச் செல்லப்படும் நீர், அது எடுக்கப்பட்ட நொடியின் நிலையை மட்டுமே ஆய்வகத்துக்குச் சொல்லும். கழிவு இரவில் திறந்துவிடப்பட்டு, மாதிரி பகலில் எடுக்கப்பட்டால், அந்தக் குடுவை குற்றத்தை அறியாது. கல்லடியில் வாழும் பூச்சிக்கோ அந்த இரவிலிருந்து தப்பிச் செல்லும் வலிமை இல்லை. பல மாதங்களாக அந்த இடத்தைக் கடந்த நீர் அனைத்தும் அதன் செவுள்களைத் தொட்டே சென்றிருக்கும். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், 15 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமும் 25 டிகிரியில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலும்தான் இருக்கக்கூடும். கழிவை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் அந்தச் சிறு இருப்பையும் தீர்த்துவிடும்போது கல் ஈக்களும் மே ஈக்களும் முதலில் மடிகின்றன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் செந்நிறம் பெற்ற சிற்றீக்களின் புழுக்களும், சேற்றில் தலை புதைத்து வாலை அசைக்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்களும் அவ்விடத்தில் பெருகுகின்றன. இவ்வாறு, தான் இருப்பதாலோ இல்லாமற்போவதாலோ ஒரு சூழலின் நிலையைக் காட்டும் உயிர் சுட்டுயிரி எனப்படுகிறது.

இந்த அறிவு முறையான அறிவியலானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெர்மனியில் ரிச்சர்ட் கோல்க்விட்ஸ், மாக்சிமிலியன் மார்சன் என்னும் இருவர், கரிமக் கழிவு அழுகிச் சிதையும் நிலைகளுக்கு ஏற்ப ஆற்றைப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் உரிய தாவரங்களின் பட்டியலை 1908இலும் விலங்குகளின் பட்டியலை 1909இலும் வெளியிட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டன் வேறொரு வழியில் சென்றது. கழிவுநீர் குறித்து 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட தன் 8ஆம் அறிக்கையில், உயிரிய ஆக்சிஜன் தேவை என்ற அளவை முதன்மைப்படுத்தியது. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் 5 நாள்களில் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்பதே அந்த அளவு. முதல் வழி ஆற்றில் வாழும் உயிர்களைக் கேட்டது, இரண்டாம் வழி ஆய்வகத்துக் குடுவையைக் கேட்டது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் வழி.

பிரிட்டனும் பின்னாளில் பூச்சிகளிடம் வந்தது. 1964இல் டிரென்ட் ஆற்றுக்கென ஓர் உயிரியல் குறியீடு உருவானது. 1976இல் அமைக்கப்பட்ட உயிரியல் கண்காணிப்புச் செயற்குழு, நீர்வாழ் சிற்றுயிர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கும் முறையை வகுத்தது. தூய நீரில் மட்டுமே வாழ்பவை 10 பெறும், கழிவைத் தாங்குபவை 1 பெறும். ஆய்வாளர் ஓடையில் கீழ்ப்புறமாக வலையைப் பிடித்துக்கொண்டு, மேற்புறத்துக் கற்களைக் காலால் கிளறி, வலையில் சேர்ந்தவற்றை வெள்ளைத் தட்டில் பரப்பிக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பார். தட்டையுடல் மே ஈ, கவைச்செவுள் மே ஈ, கல் ஈ ஆகிய மூன்றுக்கும் தலா 10, மணலில் புதையும் தட்டானின் இளம்பருவத்துக்கு 8, வலை பின்னும் காடிஸ் புழுவுக்கு 5, நீந்தும் சிறு மே ஈக்கு 4, செம்புழுக் குடும்பத்துக்கு 2 என 7 குடும்பங்கள் கிடைத்தால் கூட்டுத்தொகை 49, சராசரி 7. இது தூய ஓடையின் அடையாளம். அட்டைக்கு 3, நத்தைக்கு 3, செம்புழுவுக்கு 2, சேற்றுப்புழுவுக்கு 1 என 4 குடும்பங்கள் மட்டுமே கிடைத்தால் கூட்டுத்தொகை 9, சராசரி 2.25. அந்த ஆறு நோயுற்றிருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, பயின்ற கண்ணும் பொறுமையும் கொண்டு செய்யக்கூடிய கணக்கு இது.

இந்தியாவில் இக்கணக்கைப் போடுவதற்கு முன் உயிர்களுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. 1916இல் நெல்சன் அன்னண்டேலின் தலைமையில் இந்திய விலங்கியல் ஆய்வகம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. மருத்துவரான பிரெடரிக் சார்லஸ் பிரேசர், தென்னிந்தியக் காடுகளில் நெடுங்காலம் அலைந்து திரட்டிய செய்திகளைக் கொண்டு, இந்தியத் தட்டான்களைப் பற்றிய 3 தொகுதிகளை 1933, 1934, 1936 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சுந்தர் லால் ஹோரா 1930இல் எழுதிய நீண்ட ஆய்வு, மலையாற்றின் பாய்ச்சலில் அடித்துச் செல்லப்படாமல் விலங்குகள் எவ்வாறு பற்றிக்கொள்கின்றன என்பதை விளக்கியது. ஒட்டுறுப்புகள், தட்டையான உடல், கொக்கி நகங்கள் ஆகியவை எவ்வாறு ஓடையின் விசைக்கு ஏற்ப அமைந்தன என்பதை உணர்த்திய அந்த ஆய்வு, மலை ஓடையைத் தனித்த வாழிடமாகக் காண இந்திய அறிவியலுக்குக் கற்பித்தது.

தமிழகத்தில் இப்பணி மதுரையில் வேர்விட்டது. மதுரைக் கல்லூரியின் விலங்கியலாளர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மே ஈக்களை ஆராய்ந்து, 1984இல் ஒரு புதிய பேரினத்தை விவரித்தார். இத்துறையின் அமெரிக்க அறிஞர் பீட்டர்ஸின் பெயரால் பீட்டர்சுலா என்று அதற்குப் பெயரிட்டு, அதன் இனப் பெயரில் குற்றாலத்தை நிலைநிறுத்தினார். அருவி நீராடலுக்குப் பெயர் பெற்ற குற்றாலம் ஒரு சிறு பூச்சியின் பெயரிலும் உலக அறிவியலில் இடம்பெற்றது. பின்னர் அவரும் கே. ஏ. சுப்பிரமணியனும் இணைந்து 2007இல் வெளியிட்ட இந்திய நீர்ப்பூச்சிகள் பற்றிய களக் கையேடு, வல்லுநரல்லாத மாணவரும் ஆர்வலரும் ஓடையில் இறங்கிக் குடும்பங்களை அடையாளம் காணும் வழியைத் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைத்த இந்த ஆழ்ந்த கவனத்தோடு ஒப்பிட்டால், ஜவ்வாது மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைத்தது குறைவே.

சட்டத்தின் வரலாறு இதற்கு இணையாக, ஆனால் வேறு திசையில் ஓடியது. 1974இல் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, அதே ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைந்தன. ஆறுகளை வகைப்படுத்தக் கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, குடல்வாழ் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை முதலிய வேதியியல், நுண்ணுயிரியல் அளவுகளே அடிப்படையாயின. உயிரிய ஆக்சிஜன் தேவையை 20 டிகிரியில் 5 நாள் வைத்து அளக்கும் பிரிட்டிஷ் முறை இந்திய வெப்பத்துக்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாள் என்று மாற்றப்பட்டது. 1980களின் இறுதியில் நெதர்லாந்தின் ஒத்துழைப்போடு யமுனையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளின் வழியாக மத்திய வாரியம் உயிரியல் நீர்த்தர அளவைகளை உருவாக்கி, தூய்மையிலிருந்து கடும் மாசு வரையிலான 5 நிலைகளைச் சிற்றுயிர்களைக் கொண்டு வகுத்தது. பூச்சிகளின் சாட்சியம் இந்திய அரசின் ஏட்டில் இடம்பெற்றது அப்போதுதான்.

அதற்குள் பாலாறு கெட்டிருந்தது. பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறையில் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குரோமியம் கொண்டு பதனிடும் முறை அறிமுகமானது. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் விட முழுமையாக முடித்த தோலின் ஏற்றுமதியை அரசு ஊக்குவித்தபின் அம்முறை விரைந்து பரவியது. பட்டையால் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது, எனினும் குரோமியமும் தோலைக் கெடாமல் வைக்க இட்ட பெருமளவு உப்பும் நீரில் சேர்ந்தபோது அதன் தன்மையே மாறியது. உப்பை எளிதில் பிரித்தெடுக்க இயலாது. உப்பேறிய நீரில் முதலில் மறைவன மே ஈக்களே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு நேரும் முன்பே காக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்ததாக ஓர் ஆய்வு கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது.

அந்த எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிலம் கெட்டது, கிணறு கெட்டது என்பவை தீங்கு நேர்ந்து முடிந்தபின் எழுதப்படும் கணக்குகள். முன்னெச்சரிக்கை என்ற கொள்கை உயிர்பெற வேண்டுமானால், கிணறு உப்புக்கரிக்கும் முன்பே குரல் கொடுக்கும் சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி நலமான காலத்தில் எப்படி இருந்தது என்ற பதிவும் வேண்டும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மேற்குப் பகுதியில் திரள் திரளாக எழுந்து கரையோர ஊர்களின் விளக்குகளை மூடிய மே ஈக்கள், 1953இல் நீரடியில் ஆக்சிஜன் தீர்ந்தபோது பெருமளவில் மடிந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மறைந்தே போயின. அவற்றின் முந்தைய எண்ணிக்கை ஏட்டில் இருந்ததால் இழப்பு இன்னதென்று உறுதியாயிற்று. கழிவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு 1990களின் தொடக்கத்தில் அவை மீண்டும் எழுந்தபோது, ஏரி நலம் பெறுகிறது என்பதை அதே ஏட்டைக் கொண்டே மக்கள் அறிந்தனர்.

காவலூரின் அண்மை வரலாறும் இதே பாடத்தை வேறொரு துறையில் கற்பிக்கிறது. நகர விளக்குகளுக்கு எட்டாத இருள், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணும் வாய்ப்பு ஆகியவற்றுக்காக வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இவ்விடத்தில், 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் செயற்படத் தொடங்கின. அவர் மறைந்து 3 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரால் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. ஒரு விண்மீனின் ஒளி மாறியதா என்று சொல்ல, மாறாத மற்றொரு விண்மீனை அருகில் வைத்து ஒப்பிடுவது வானியலாரின் அடிப்படை வழக்கம். ஆற்றியலாரும் அவ்வாறே, மாசுபட்ட ஆற்றை அளக்க அதே நிலத்தின் மாசுபடாத ஓடையொன்றை ஒப்பீட்டுக்குக் கொள்கின்றனர். பாலாற்று வடிநிலத்துக்கு அத்தகைய ஒப்பீட்டு ஓடைகளைத் தரவல்லது ஜவ்வாது மலை.

ஆனால் இங்கே வெளிநாட்டு மதிப்பெண்ணை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. குளிர்நாட்டு ஓடைகளில் பல குடும்பங்களாகப் பெருகியிருக்கும் கல் ஈக்கள் தீபகற்ப இந்தியாவில் மிகச் சில. ஆகவே அவை குறைவாக இருப்பதை மாசின் அடையாளமாகக் கொள்வது பிழை. ஜவ்வாது மலையின் ஓடைகளில் பல, தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளில் பெருகிக் கோடையில் மடுக்களாகச் சுருங்குபவை. அக்காலத்தில் பாய்நீர்ப் பூச்சிகள் மறைந்து தேங்குநீர்ப் பூச்சிகள் மிகுவது இயற்கையின் முறை. நேபாளம் 1990களிலும், தாய்லாந்து 2000களின் தொடக்கத்திலும் தம் ஆறுகளுக்கென மதிப்பெண்களைத் திருத்தி அமைத்துக்கொண்டன. 5 நாளை 3 நாளாக்கி வேதியியல் அளவைத் தன் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட நாடு, பூச்சிகளின் அளவையும் தன் பருவங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இயலும். சுனை, ஓடை, காட்டாறு, மடு என்று தமிழ் தந்த பகுப்பே அதற்குத் தொடக்கமாகக்கூடும்.

மலை ஓடையின் நலம் கரையிலுள்ள காட்டையும் சார்ந்தது. நிழலான ஓடையில் விழும் இலைகளைச் சில பூச்சிகள் கிழித்து உண்ண, அந்தத் துணுக்குகளை அடுத்துள்ள வலைபின்னிகள் வடிகட்டி உண்ண, ஆறு ஊற்றிலிருந்து கழிமுகம் வரை ஒரே உணவுத் தொடராகிறது என்னும் கோட்பாட்டை ராபின் வானட்டும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1980இல் முன்வைத்தனர். கரைமரத்தை வெட்டினாலும், மணலை அள்ளினாலும், சரிவின் மண் கரைந்து கற்களின் இடைவெளியை அடைத்தாலும், வேதியியல் அளவு எதுவும் மாறாமலே பூச்சிகள் மறையும். குடுவை காட்டாத கேட்டைக் கல் காட்டும் இடம் இதுவே.

பாலாற்றின் பழைய நலத்தைச் சொல்லும் பூச்சிப் பட்டியலை இனி எவராலும் எழுத முடியாது, ஏனெனில் அந்த நீர் போய்விட்டது. செய்யாற்றின் தலைநீரில் இன்று என்ன வாழ்கிறது என்பதை எழுத இன்னும் முடியும். மலையின் பள்ளிப் பிள்ளைகளும் கீழேயுள்ள கல்லூரி மாணவரும் பருவந்தோறும் ஒரே இடத்தில் ஒரே முறையில் கற்களைப் புரட்டிக் குடும்பங்களை எண்ணிக் குறித்துவைத்தால், சில ஆண்டுகளில் அது இம்மலையின் நீருக்கு உறுதியான சான்றேடாகும். முன்னோர் காஞ்சியிலிருந்து ஏறி வந்ததாகச் சொல்லும் மக்களின் மலையிலிருந்து இறங்கும் நீர், திருமுக்கூடலில் காஞ்சியின் நிலத்தைச் சேர்கிறது. அந்த நீர் புறப்படும் இடத்தில் எவ்வாறு இருந்தது என்று அறிந்திருந்தால்தான், சேரும் இடத்தில் எதை இழந்திருக்கிறது என்று கேட்க முடியும்.